அருவிக்கரையில் குடியேறியவர் யார்?

தஞ்சோங் டாவாய்க் கடல்முனைக்கு நம்மவர் போவது பெரும்பாலும் கருவாட்டுக்குத்தான். நெத்திலியும் கருவாடும் வாங்கிக் கட்டிக்கொண்டு, படகேறி எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவில் பிள்ளைகளைச் சற்று நேரம் மணலில் விளையாட விட்டு, பொழுது சாயுமுன் தோட்டம் திரும்புவது வழக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் நமது கிளைத் தோழர்கள் சிலர் குடும்பத்தோடு புறப்பட்டபோது நாமும் உடன் சென்றிருந்தோம். படகுக்குக் காத்திருந்த வேளையில், முப்பது ஆண்டாகப் பால் வெட்டும் அக்கா ஒருவர், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க கிராணி, இத்தனை தண்ணியும் எங்கேயிருந்து வருது?"

நாம் திரும்பி வடக்கே கையைக் காட்டினோம். மேகம் போர்த்திய ஜெராய் மலை நின்றது. "போன மாசம் தூப்பா அருவியிலே பிள்ளைங்க குளிச்சாங்களே, அந்தத் தண்ணியும் இதிலேதான் வந்து சேருது அக்கா."

அக்கா விடவில்லை. "அப்போ நம்ம லயத்துக்குக் குழாயிலே வந்த தண்ணி?"

அதுவும் இதே மலைத் தண்ணீர்தான். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே இவ்வாரம் எழுதுகிறோம். அருவி என்றால் நமக்குக் குளியலும் கட்டுச்சோறும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அருவி விழுந்த இடத்தில் ஊர் எழுந்ததும், அந்த ஊரை எழுப்பியவன் பெயர் மறைந்ததும் நம் கதையே அல்லவா?

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் சமவெளியாகக் கிடக்க, நடுவே தனி மலையாக நிற்பதால் கடலில் வரும் மாலுமிக்கு அதுவே அடையாளம். அன்று கடல் இன்று இருப்பதைவிட மலைக்கு அருகே இருந்தது என்றும், மெர்போக் கழிமுகம் அகன்ற குடாவாக இருந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழகக் கரையிலிருந்து வந்த கப்பல், வடகிழக்குக் காற்று எழும்வரை இங்கே காத்திருக்க வேண்டும். கழிமுகத்து நீரோ உப்பு நீர். மாதக்கணக்கில் தங்குகிறவனுக்கு நல்ல தண்ணீர் வேண்டாமா? அதை மலை தந்தது. அருவியாய் விழுந்து ஓடையாய் இறங்கி வந்த நீரின் கரைகளில் சந்தையும் கோயிலும் உலைக்களமும் தோன்றின. தமிழர் கடாரம் என்றழைத்த நாடு இதுதான்.

ஐயம் உள்ளவர்கள் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். அங்கே புக்கிட் பத்து பஹாட் கோயில் ஓடையை ஒட்டியே நிற்கிறது. பத்து பஹாட் என்ற மலாய்ப் பெயருக்கே செதுக்கிய கல் என்றுதான் பொருள். 1936-37 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் மனைவியாரோடு வந்து இவ்வட்டாரத்தில் பல இடங்களை அகழ்ந்தார். பின்னர் அலஸ்டேர் லேம்ப் என்பவர் இந்தக் கோயிலை முழுவதும் ஆராய, 1960-இல் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டன. கருவறையும், அதன் முன்னே மண்டபமும், தூண் நிறுத்திய கல்லடிகளும் இருக்கின்றன. தூண்கள் மரத்தாலானவை போலும். அவை மக்கிப் போயின. ஓடையிலே நீர் கல்லில் மோதிப் பாயும் ஓசை கோயிலின் படியில் நின்றாலே கேட்கிறது. கல்லையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் கண்டவன்தான் இங்கே உளியை எடுத்திருப்பான்.

இன்னும் கீழே, சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். தோண்டிய இடம் எது? நம்மவர் காலமெல்லாம் நடந்த தோட்ட மண். அதன் அடியில் இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் குழாய்த் துண்டுகளும், செங்கல் கட்டடங்களும், பழைய படகுத்துறையும் வெளிப்பட்டன. அவற்றின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. நாம் அதில் தலையிடவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே உலை எரிந்தது என்ற அளவு நமக்குப் போதும். உலையில் நின்றவனுக்கும் வெந்நெருப்பில் உடம்பு வெந்திருக்கும். அவனுக்கும் குளிக்க ஓடை வேண்டியிருந்திருக்கும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நமது மேடைகளில் கடாரம் என்றதும் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பும், கடாரங்கொண்டான் என்ற பட்டமும்தான் முழங்குகின்றன. இராசேந்திர சோழன் வந்தது உண்மை. தஞ்சைக் கல்வெட்டும் அதைச் சொல்கிறது. ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான் என்பதும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக விடப்பட்டது என்பதும் செப்பேட்டில் இருக்கின்றன. அதை மேடையில் பேசுவார் எத்தனை பேர்? அதே நாகப்பட்டினத்துறையில்தான் நமது பாட்டனும் பாட்டியும் கப்பலேறினார்கள். பினாங்கில் இறங்கி, தனிமை முகாமில் கிடந்து, கங்காணி பின்னால் நடந்து, இந்த மலையடிவாரத்துக்கு வந்தார்கள். அவர்கள் கடாரத்தைக் கொள்ள வரவில்லை தோழர்களே! கடாரம்தான் அவர்களைக் கொண்டது. ஆகவே கப்பலில் வந்த அரசனின் பட்டத்தைவிட, ஓடைக்கரையில் கல் சுமந்தவனுக்கே நாம் நெருங்கிய உறவு என்று கருதுகிறோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தோட்டம் போட்ட வெள்ளையனும் முதலில் தேடியது தண்ணீரைத்தான். பால் மரம் மலைச்சரிவில் வளரும். ஆனால் ஸ்டோர் நடக்க நாள்தோறும் நல்ல தண்ணீர் வேண்டும். பாலில் தண்ணீர் கலந்து, புளிநீர் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, அதைக் கழுவித்தான் புகைவீட்டுக்கு அனுப்ப முடியும். தண்ணீர் அழுக்கானால் தகடும் அழுக்கு. தரம் இறங்கினால் விலையும் இறங்கும். எனவே ஓடையில் அணை கட்டி முதற் குழாய் ஸ்டோருக்குப் போனது. இரண்டாவது குழாய் துரை பங்களாவுக்கு. அதன் பின் கிராணிமார் வீடுகளுக்கு. லயத்துக்கு வந்தபோது பொதுக் குழாய் ஒன்றோ இரண்டோ. அதில் விடியுமுன் வரிசை. நமது தோட்டத்தில் வயதானவர்கள் இந்த வரிசையை இன்றைக்கும் முறைப்படி சொல்லுவார்கள். ஒரே மலைத் தண்ணீர் நான்கு சாதியாகப் பிரிந்து ஓடிய கதை அது. கிராணி வீட்டில் பிறந்தவர்கள் இதைப் படித்துவிட்டு முகம் சுளிக்க வேண்டாம். எழுதுகிற நாமும் கிராணிதான்.

மற்ற நாடுகளில் நடந்ததும் இதிலிருந்து வேறல்ல. அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றின் வீழ்ச்சியை ஒட்டி 1820-களில் லோவல் என்ற ஆலை நகரம் எழுந்தது. நாட்டுப்புறப் பெண்களை அழைத்து வந்து கம்பெனி விடுதிகளில் வைத்து நூற்க வைத்தார்கள். 1834-இல் கூலியைக் குறைத்ததற்கும், 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியதற்கும் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலே பாபநாசத்தில் பொருநை மலையிலிருந்து விழும் வேகத்தைக் கண்டு 1880-களில் ஹார்வி கம்பெனியார் பஞ்சாலை வைத்தார்கள். விக்கிரமசிங்கபுரம் ஆலை ஊராக வளர்ந்தது. அதே கம்பெனியின் தூத்துக்குடி ஆலையில்தான் 1908-இல் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியில் 1902-இல் மின்சாரம் எடுத்தபோது, அது போன இடம் கோலார்த் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர். அருவி தந்த ஆற்றலில் பொன் மேலே வந்தது. 2001-இல் சுரங்கம் மூடியபோது தொழிலாளி லயத்து வீட்டில் கைகட்டி நின்றான்.

அந்த நிலை நமக்கும் வந்ததே! ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, துண்டு போட்டு விற்றார்கள், வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் எழுந்தன. தோட்டத்தில் குடிவைக்கும் முதலாளி வீடும் குழாய் நீரும் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. நல்லது. வேலை முடிந்தபின் அந்த வீடு யாருடையது? வேலையோடு வந்த வீடு வேலையோடு போகிறது. மூன்று தலைமுறை விளக்கேற்றிய வீட்டை விட்டுப் பெட்டியோடு வெளியேறிய குடும்பங்கள் சுங்கை பட்டாணியிலும் பெடோங்கிலும் எத்தனை என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

2013 டிசம்பரில் நாடே பேசிய செய்தி ஒன்றை மறந்திருக்கமாட்டீர்கள். சுங்கை பத்துப் பகுதியில் 11 என்று எண்ணிட்ட பழங்கோயில் இடிபாட்டை, வீடு கட்ட நிலம் சமன் செய்தவர்கள் இயந்திரம் விட்டுத் தள்ளிவிட்டார்கள். மரபுடைமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த இடம் அரசிதழில் பதிவாகவில்லை. நிலமோ தனியார் நிலம். ஆயிரம் ஆண்டு நின்ற கல்லுக்கே ஒரு தாள் இல்லாததால் இந்த கதி! அன்று ஊர் ஊராகக் கண்டனம் எழுந்தது. நாமும் குரல் கொடுத்தோம். கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், நம்முடைய மாரியம்மன் கோயிலுக்கு என்ன தாள் இருக்கிறது? இடுகாட்டுக்கு என்ன தாள்? லயத்துக்கு? அடுத்த இயந்திரம் வரும்போது காட்ட நம் கையில் என்ன இருக்கிறது?

தாள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரும் ஒரே ஒரு இடத்தில்தான் நாள்தோறும் எழுதப்பட்டது. அது செக்ரோல். பிரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு புள்ளி. நாம் முதலில் வேலைக்குச் சேர்ந்த தோட்டம் கைமாறிய வாரத்தில், பழைய செக்ரோல் புத்தகங்களைக் கோணியில் கட்டி ஆபீசின் பின்புறம் போட்டு எரித்தார்கள். மழை தூறியதால் பாதி எரிந்து பாதி கிடந்தது. நாம் அங்கே நின்றிருந்தோம், தடுக்கவில்லை. புதிதாய்ச் சேர்ந்த சின்னக் கிராணிக்கு அன்று வாய் வரவில்லை. கரிந்த ஓரத்தில் முனியம்மா, முனியம்மா, முனியம்மா என்று வரிசையாய் மூன்று பெயர் இருந்தது. ஒரே பெயர்க்காரர் மூவர். அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காட்டியது எண் மட்டுமே. அந்த எண்ணும் எரிந்தது.

ஆற்றை மட்டும் நல்லதென்று சொல்லிக்கொண்டு போகவும் மனம் வரவில்லை. 2021 ஆகஸ்டு 18-இல் ஜெராய் மலையில் பெருமழை கொட்டி, கல்லும் மரமும் சேறுமாக வெள்ளம் இறங்கியது. யான் வட்டாரமும் மெர்போக் வட்டாரமும் அடிபட்டன. தீத்தி ஹாயூன் அருவிப்பக்கம் அழிந்தது. ஆறு உயிர்கள் போயின. மேலே கருமேகம் கண்டால் குளியலை நிறுத்திக் கரையேற வேண்டும் என்று லயத்துக் கிழவிகள் பிள்ளைகளை அதட்டுவார்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்யும், தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தால் ஓடு என்பார்கள். இது படித்து வந்த அறிவன்று. ஓடைக்கரையில் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவு. லயம் கலைந்தபின் அருவிக்கு வருகிற பட்டணத்துப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது?

ஆதலால் கிளைச் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். சந்தாக் கணக்கு எழுதும் அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் உங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஓடையில் அணை இருந்தது, குழாய் எவ்வழி வந்தது, லயம் எத்தனை, எந்த ஆண்டு எது இடிந்தது, கோயிலை எழுப்பியவர் யார், இடுகாடு எந்த மூலை என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கூட்டெழுத்தும் இலக்கணப் பிழையும் பற்றிக் கவலை வேண்டாம். எழுதியதற்கு இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தோட்டத்துக்கு வெளியே வையுங்கள். கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் நில அலுவலகத்தில் மனு எழுதுவதற்குக் கிராணிமார் உதவவேண்டும். தோட்டம் விற்கும் பேச்சு அடிபடும் முன்னரே இது நடக்கவேண்டும். பேச்சு வந்தபின் மனுவுக்கு மதிப்பில்லை.

நமது கிளையில் அன்று படகிலேயே தொடங்கிவிட்டோம். கருவாட்டுப் பொட்டலம் கட்டிய தாளின் வெளிப்புறத்தில் அக்கா சொல்லச் சொல்ல எழுதினோம். ஓடைக்கு மேற்கே பழைய லயம், பன்னிரண்டு வீடு. குழாயடியில் ஒரு கொய்யா மரம். அக்காவின் அம்மா எண் 147.