கேட்டுப் பழகவும் பயிற்சி வேண்டும்



இயந்திரத்தில் கை நசுங்கிய தொழிலாளர்களின் மறுவாழ்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்ப்பவள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போன இளைஞர் ஒருவர், சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையும் வீட்டில் செய்யவில்லை. "இந்தக் கையால முதல்ல என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டேன். "பைக் கிளட்ச் பிடிக்கணும் மேடம்" என்றார். கிளட்ச் லிவரையே பயிற்சிக் கருவியாக்கினோம். அதன்பின் அவர் ஒரு நாளும் பயிற்சியை விடவில்லை.

இப்படி நோயாளியையே இலக்கு வைக்கச் செய்யும் கோச்சிங் முறையை நான் கல்லூரியில் தனிப் பாடமாகப் படிக்கவில்லை. வெளியில் நடக்கும் சான்றிதழ் வகுப்புகளின் கட்டணமோ எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் குடிநோயாளிகளுக்காக எழுதிய, இதே போக்கிலான ஊக்க உரையாடல் முறையைப் புத்தகம் பார்த்தே கற்கலாம். ஆனால் நாம் பேசுவதைக் கேட்டுத் திருத்த ஆள் வேண்டும்.

முட்டுக்காடு நிப்மெட் மறுவாழ்வு நிறுவனமும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் குறைந்த கட்டணத்தில் தமிழிலேயே ஞாயிறு இணைய வகுப்புகள் நடத்தலாம். திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் மாதம் ஒருமுறை ஓர் அறை கிடைத்தால், மாவட்டத்தில் இருக்கும் தெரபிஸ்டுகள் நாங்களே கூடி ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வோம்.

– ஒரு வாசகி, புதுவாயல்