மறைக்கத் தகாத விஷயம்

தர்மபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்கு அப்பால் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பக்கமாக இருக்கிறது ஏரியூர். அவ்வூரில் ஒரு வீட்டில், ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு நீரிழிவு என்று டாக்டர் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு முதலில் என்ன தோன்றும்? 'வெளியே தெரியக் கூடாது' என்றுதான். "மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்தாய்" என்று பாட்டி மருமகளைக் கடிந்துகொள்வாள். தகப்பனாரோ பள்ளிக்கூடத்து வாத்தியாரிடங்கூட வாய் திறக்கமாட்டார். நாளைக்குக் கலியாணம் ஆக வேண்டுமே!

இந்த வியாதியை மிட்டாய் கொண்டுவருவதில்லை. உடலைக் காக்க வேண்டிய சக்தியே வழி தவறி, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. ஆகவே ஆயுள் பரியந்தம் இன்ஸுலின் ஊசி வேண்டும். மாத்திரைக்கும் பத்தியத்துக்கும் இது அடங்காது. ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்பினால், வாந்தியும் பெருமூச்சும் கண்டு சில தினங்களுக்குள் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

1922-க்கு முன் இத்தகைய குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் பிழைக்க வைப்பதே வைத்தியமாக இருந்தது. அவ்வாண்டு ஜனவரி 11-ந் தேதி, கானடா தேசத்து டொராண்டோ நகரில் லியோனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் போட்டார்கள். அந்த மருந்து சுத்தமாக இல்லை, பலன் போதவில்லை. சுத்தி செய்து 23-ந் தேதி மறுபடியும் போட்டபோது பையன் தேறினான். அதன் பிறகு பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான்.

இங்கிலாந்தில் லாரன்ஸ் என்ற டாக்டருக்கே இவ்வியாதி இருந்தது. சாவை எதிர்பார்த்திருந்த அவரை 1923-ல் இன்ஸுலின் காப்பாற்றியது. அவரும், நீரிழிவுடைய எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸும் 1934-ல் நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற ஆசிரியர் தம் வியாதியை ஒளிக்கவில்லை என்பதை ஏரியூர்த் தகப்பனார் கவனிக்க வேண்டும்.

நிற்க. டாக்டர் அளவு சொல்லி அனுப்பிவிடுவார். நடுநிசியில் குழந்தை வியர்த்து நடுங்கும்போது பக்கத்தில் இருப்பவள் தாய்தான். உடனே இரண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடியும் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைக் காகிதத்தில் படிப்பது வேறு. அப்படி ஓர் இரவைக் கடந்த இன்னொரு தாய் சொல்லக் கேட்பது வேறு. களி நல்லது என்று ஊரார் சொல்வார்கள். களியும் மாவுப் பண்டந்தான். உருண்டை பெரிதானால் இன்ஸுலினும் கூட வேண்டும் என்று அவள் சொல்லுவாள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், இரண்டு மண்பானைகளுக்கு நடுவே ஈரமணல் இட்டு, உட்பானையில் மருந்தை நனையாமல் வைக்கும் விதத்தையும் காட்டுவாள். குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் பனி உறையும் தட்டில் வைத்துவிடக் கூடாது; உறைந்த இன்ஸுலின் பயனற்றது.

வாத்தியாருக்கும் விஷயம் தெரிந்தாக வேண்டும். விளையாட்டு வேளையில் மயங்கி விழும் குழந்தையை, 'வெயில்' என்று நிழலில் கிடத்திவிட்டால் என்ன ஆவது? மத்திய கல்வி வாரியம் 2017-லேயே இக்குழந்தைகள் பரீட்சை மண்டபத்துக்குத் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. சொன்னால்தானே சலுகை கிடைக்கும்?

கோயம்புத்தூரில் 'இதயங்கள்' அறக்கட்டளை ஏழைக் குழந்தைகளுக்கு இன்ஸுலின் உதவி வருகிறது. தனியார் தர்மம் போற்றத்தக்கதே. ஆனால் மருந்தோடு இரத்தப் பரிசோதனைத் தாளும் ஒவ்வொரு குழந்தைக்கும் தட்டின்றிக் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை என்பது நமது அபிப்பிராயம். தாளில்லாமல் ஊசி போடுவது, இருட்டில் கிணற்றங்கரையில் நடப்பதற்குச் சமானம்.

அடுத்த முறை தர்மபுரி சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஏரியூர்த் தாய் போவாள். வரிசையில் இவளைப் போலவே மருந்துப் பையை முந்தானையால் மூடிக்கொண்டு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கக் கூடும். "உங்கள் குழந்தைக்கு எத்தனை வயது, அம்மா?" என்று இவளே முதலில் கேட்கட்டும்.