காசு கட்டினா ‘இன்டர்ன்ஷிப்’ ரெடி! கிரெடிட் கிடைக்குது... வேலை தெரியுதா? செங்கல்பட்டு கம்ப்யூட்டர் மாணவர்கள் தவிப்பு

செங்கல்பட்டு: கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு ‘இன்டர்ன்ஷிப்’ இப்போது பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது. போனால் கிரெடிட். போகாவிட்டால் மார்க் ஷீட்டில் ஓட்டை. ஆனால் எங்கே போவது, யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கவலையை மட்டும் பல கல்லூரிகள் மாணவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. கோடை விடுமுறை வந்தால் பெற்றோர் பாக்கெட்டுக்கு வேட்டுதான்.

கிரெடிட் என்றால் என்ன?

கிரெடிட் என்பது வேறொன்றுமில்லை, மணிக்கணக்கு. ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல்படி, இன்ஜினியரிங் மாணவர் 40 முதல் 45 மணி நேரம் வேலை பார்த்தால் 1 கிரெடிட். நாலு வருடத்தில் மொத்தம் 14 முதல் 20 கிரெடிட், அதாவது 600 முதல் 700 மணி நேரம். யு.ஜி.சி. கணக்கு வேறு. அதன்படி 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட். பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களையும் இது விடவில்லை. மாநில உயர்கல்வி மன்றம் 2023-ல் கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் பயிற்சி முடித்து, ஐந்தாவது செமஸ்டரில் 2 கிரெடிட் வாங்க வேண்டும்.

ஆளுக்கொரு கணக்காக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். இத்தனை மணி நேரம் வேலை பார்த்தால்தான் இத்தனை கிரெடிட். நடைமுறையில் அந்த மணி நேரத்தை யார் எண்ணுகிறார்கள்? பல இடங்களில் எண்ணப்படுவது சர்டிபிகேட் மட்டுமே.

கூப்பிடு தூரத்தில் கம்பெனி... கதவுதான் திறக்கலை

2019 நவம்பரில் காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் ஐ.டி. கம்பெனிக்குப் பஞ்சமே இல்லை. பரனூர் ஸ்டேஷனில் இறங்கினால் மகேந்திரா வேர்ல்டு சிட்டி, உள்ளே இன்போசிஸ். ஓ.எம்.ஆரில் சிறுசேரி சிப்காட், அங்கே டி.சி.எஸ். கல்லூரிகளுக்கும் குறைவில்லை. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., மேலக்கோட்டையூரில் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்., செங்கல்பட்டு டவுனில் ராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி.

அப்புறம் என்ன பிரச்சினை? பெரிய கம்பெனிகளுக்கு இன்டர்ன்ஷிப் என்பது பெரும்பாலும் வேலைக்கு ஆள் எடுப்பதன் முதல் படி. கடைசி வருட மாணவரைத்தான் தேடுவார்கள், அதுவும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வழக்கமாகப் போகும் கல்லூரிகளில். திருக்கழுக்குன்றத்தில் இருந்தோ செய்யூரில் இருந்தோ பஸ் ஏறி வரும் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவி செக்யூரிட்டி கேட்டைத் தாண்டி ஒரு லெட்டர் கொடுப்பதே பெரும்பாடு.

மத்திய அரசு 2024-ல் ஆரம்பித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5 ஆயிரம் ரூபாய் என்றார்கள். தொடங்கியபோதே, கல்லூரியில் முழு நேரம் படிப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று விதி போட்டார்கள். ஆக, கிரெடிட்டுக்காக அலையும் மாணவருக்கு அதுவும் கைகொடுக்கலை.

சர்டிபிகேட் வியாபாரம்

இந்த இடைவெளியில்தான் புகுந்து விளையாடுகிறார்கள். ஒரு காலத்தில் ‘இன்பிளான்ட் டிரெய்னிங்’ என்றும், ‘ப்ராஜெக்ட் சென்டர்’ என்றும் போர்டு வைத்து நடந்த அதே கதைக்கு இப்போது புதுப் பெயர் இன்டர்ன்ஷிப். பணத்தைக் கட்டினால் ஒரு வாரம் வகுப்பு, கையில் சர்டிபிகேட். 2020 கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் ‘ஆன்லைன்’ ஆனதால் வசதியாகப் போய்விட்டது. வீட்டிலேயே வீடியோ பார்த்தால் போதும்.

பெற்றோர்கள் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். யு.ஜி.சி. கணக்கில் 2 கிரெடிட் என்றால் 60 மணி நேரம். தினமும் 6 மணி நேரம் என்றால் 10 நாள். ‘அஞ்சு நாள், தினம் ஒரு மணி நேரம்’ என்று சொல்லும் இடத்தில் மொத்தமே 5 மணி நேரம்தான். மீதி 55 மணி நேரம் எங்கே போச்சு? அது பேப்பரில் மட்டும் நடந்த வேலை.

இதில் ஏமாறுவது கல்லூரி அல்ல, கம்பெனி அல்ல. கூலி வேலை பார்த்து, கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பம். நாளைக்கு இன்டர்வியூவில் ‘அங்க என்ன வேலை பார்த்தே?’ என்று கேட்டால், திருதிருவென விழிப்பதும் அந்தப் பிள்ளைதான்.

ஹவுஸ் சர்ஜனைப் பாருங்க

இதே செங்கல்பட்டில்தான் 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடிப்பவர்கள் ஒரு வருடம் ‘ஹவுஸ் சர்ஜன்’ ஆக வார்டில் நின்றே ஆக வேண்டும். அதற்கு உதவித்தொகையும் உண்டு. இடம் தேடி அவர்கள் அலைவதில்லை. கல்லூரியோடு ஆஸ்பத்திரி ஒட்டியிருக்கிறது. மேலே சீனியர் டாக்டர் இருக்கிறார். வராவிட்டால் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் படிப்பிலும் இது முடியாத காரியமல்ல. பிலானி பிட்ஸ் 1973 முதல் ‘பிராக்டீஸ் ஸ்கூல்’ நடத்துகிறது. இடம் பிடிப்பதும் ஆசிரியரை அனுப்பிக் கண்காணிப்பதும் கல்லூரியின் பொறுப்பு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 முதல் ஒரு செமஸ்டர் படிப்பு, ஒரு செமஸ்டர் சம்பளத்தோடு வேலை என்று நடத்துகிறது. கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் ‘சாண்ட்விச்’ கோர்ஸ் நமக்குத் தெரிந்ததுதான். இங்கெல்லாம் இடம் தேடும் கவலையை மாணவன் தலையில் மட்டும் கட்டிவிடுவதில்லை, கல்லூரியும் பொறுப்பேற்கிறது.

மாமல்லபுரத்திலேயே வேலை இருக்கு

இன்டர்ன்ஷிப் என்றாலே கண்ணாடிக் கட்டிடம்தான் என்று நினைக்கத் தேவையில்லை. அரசு அலுவலகம், சிறுதொழில், தொண்டு நிறுவனம், கிராமப்புறம் எல்லாவற்றிலும் பயிற்சி எடுக்க ஏ.ஐ.சி.டி.இ. வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது.

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் என்ன சிலை இருக்கிறது, எந்த ஆர்டர் எப்போது முடியும் என்பதற்கு போட்டோவோடு ஒரு பட்டியல் மென்பொருள் செய்து கொடுக்கலாம். சின்ன லாட்ஜுக்கு ரூம் கணக்கு. கோவளம் மீனவர்களுக்கு ஏலக் கணக்கு. ஊராட்சிக்கு குடிநீர், தெருவிளக்குப் புகார் பதிவு. எல்லாம் சின்ன வேலைதான். ஆனால் நிஜமான வேலை. கணக்கு தப்பினால் கடைக்காரர் மூஞ்சிக்கு நேரே திட்டுவார். அந்தத் திட்டு எந்த வீடியோ வகுப்பிலும் கிடைக்காது.

‘சிற்பிக்கு கோடிங் தெரியுமா, யார் சொல்லித் தருவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் கல்லூரி ஆசிரியர். மூணு, நாலு பேர் கொண்ட குழுவாக அனுப்பி, வாரம் ஒரு முறை ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்தால் போதும். ஆனால் அந்த நேரத்தை ஆசிரியரின் வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் பேப்பரில் போய்விடும்.

என்ன செய்யணும்?

முதலில், பணம் கட்டி வாங்கிய சர்டிபிகேட்டுக்கு கிரெடிட் கிடையாது என்று கல்லூரிகள் அறிவிக்க வேண்டும். இரண்டாவது, தினசரி வேலைக் குறிப்பும், மேற்பார்த்தவர் கையெழுத்தும், செய்த வேலையை ஆசிரியர் முன்னால் ஓட்டிக் காட்டுவதும் கட்டாயம் ஆக வேண்டும். மூன்றாவது, மாவட்ட நிர்வாகம் கம்பெனிகளையும் கல்லூரிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டும். பரனூரிலும் சிறுசேரியிலும் உள்ள கம்பெனிகள் ஒவ்வொன்றும் கோடையில் உள்ளூர் அரசுக் கல்லூரி மாணவர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நிலம் கொடுத்த ஊர், ரோடு கொடுத்த ஊர். அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஒரு மாதம் நாற்காலி கொடுக்க முடியாதா? அடுத்த கோடைக்குள் கல்லூரிகளும் மாவட்ட நிர்வாகமும் விழித்துக்கொள்ளுமா?