தூணின் தலையில் தேங்கும் மழை

யாங்கோனின் லத்தா வட்டாரத்தில் உள்ள பொது மருத்துவமனை விக்டோரிய பாணிச் செங்கல் கட்டடம். முகப்பின் கம்பீரம் முழுவதும் செங்கல்லில்தான். அங்கிருந்து தெற்கே ஸ்ட்ராண்ட் சாலைக்கு வந்து, கிழக்கே சௌக்தடா வட்டாரத்துக்குள் நுழைந்தால் அரசாங்கம் வேறு முகம் காட்டுகிறது. தாமஸ் ஆலிஃபன்ட் ஃபாஸ்டர் வடிவமைத்து 1931-இல் முடிந்த புதிய நீதிமன்றக் கட்டடம் ஆற்றை நோக்கி அயோனிக் தூண்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறது. பன்சொடான் தெருவில் 1933-இல் எழுந்த ஐராவதி நீராவிக் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கனத்த டோரிக் தூண்கள். ஒரு தனியார் நிறுவனம் அரசாங்கத்தின் தோரணையைத் தரித்துக்கொண்டது. 1948-இல் நாட்டுடைமையானபின் அங்கே அரசு அலுவலகமே குடியேறியது.

இத்தூண்களை ஆட்சியதிகாரத்தின் சின்னம் என்று எழுதியவர்கள் பலர். பராமரிப்புப் பொறியாளருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: தண்ணீர் எங்கே போகிறது?

இத்தூண் வடிவங்கள் பிறந்த கிரேக்கத்தின் ஏதென்ஸில் ஆண்டு மழை சுமார் 400 மில்லிமீட்டர். யாங்கோனில் சுமார் 2,700. பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அயோனிக் தலைப்பின் சுருள்களுக்கு மேலுள்ள பலகையிலும், அதற்கு மேல் ஓடும் பிதுக்கத்திலும் தூசி படிகிறது. பறவை போட்ட ஆல், அரச விதை அங்கேயே முளைக்கிறது. வேர் இணைப்பைப் பிளந்த பிறகு நீர் உள்ளே இறங்கி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். 2005-இல் தலைநகர் நேப்பிடோவுக்கு மாறி, பல அலுவலகங்கள் காலியானபின் மழைநீர் வடிகால்களைத் தூர்வார ஆளில்லாமல் போனது இந்தச் சேதத்தை விரைவுபடுத்தியது.

டோரிக்குக்கு விட்டத்தைப் போல் 8 மடங்கு உயரம், அயோனிக்குக்கு 9, கொரிந்தியனுக்கு 10 என்று இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா 1562-இல் வகுத்த விகிதங்களை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தலைப்பின் மேற்பரப்பு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. திருப்பெருந்துறைக் கோயிலின் கொடுங்கையின் (கல் இறவாரத்தின்) கீழ் நின்று பார்த்தவருக்கு, நீரைச் சுவரிலிருந்து விலக்கித் தள்ளுவது எவ்வளவு பெரிய கலை என்று சொல்லவே வேண்டாம்.

தண்ணீர் பற்றிய கேள்வி பூச்சுக்கும் பொருந்தும். பழைய சென்னையில் செங்கல் தூண்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி, பளிங்குபோல் தேய்த்தார்கள். ஈரம் அதன் வழியே வெளியேறும். அதன்மேல் சிமென்ட் ஒட்டுப் போடுவது ஈரத்தை உள்ளே அடைத்துப் பூச்சைப் பெயர்க்கும் வேலை. எந்த நகரிலும் இதை அனுமதிக்கக் கூடாது.

ஆகவே ஆய்வாளர்கள் தரையிலிருந்து படம் எடுப்பதோடு நிற்காமல், சாரம் கட்டி மேலே ஏற வேண்டும். முளைத்த கன்றுகளை வேர் ஆழமாக இறங்குமுன் அகற்றுவது, பிதுக்கத்தின் அடிவிளிம்பில் நீர் சொட்டும் பள்ளத்தைத் திறப்பது, உடைந்த இடத்தில் ஈயத் தகடு போர்த்துவது ஆகிய மூன்றும் ஏப்ரலுக்குள் முடிந்தாக வேண்டும்.