மெட்டில் இறக்கிவிட்டால் போதுமா?

கம்பத்தில் பஸ் ஏறி மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி இது. கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, கம்பம்மெட்டில் இறங்கியதும் "அப்பாடா, வந்துவிட்டோம்" என்று மூச்சு விடுவார்கள். அடுத்த நிமிடமே, வந்தது பாதி வழிதான் என்பது தெரிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் போக வேறு பஸ் பிடிக்க வேண்டும். அது எப்போது வரும், எங்கே நிற்கும், போர்டில் என்ன எழுதியிருக்கும் என்பது தெரியாது.

கம்பத்திலிருந்து மெட்டு சுமார் 15 கிலோமீட்டர். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சிறிய தூரத்தில் மாநிலம் மாறுகிறது. மொழி மாறுகிறது. டிக்கெட் கட்டணம் மாறுகிறது. வெளிநாட்டுக்குப் போகிறவர் படும் பாட்டில் பாதியை, பாஸ்போர்ட் இல்லாமலே இங்கே பட்டுவிடலாம்.

இரண்டு பேர் பட்ட பாடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியின் தம்பியையும் அழைத்துக்கொண்டு கம்பத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். கையில் ஒரு அரிசிப் பை. வீட்டில் இருக்கும் தாயாருக்கு வாங்கிய மாத்திரைப் பொட்டலம். மறுநாள் காலை இருவரும் வேலையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை.

மெட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கட்டப்பனை போகும் பஸ் இப்போதுதான் போனது என்றார் டீக்கடைக்காரர். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, "வரும்" என்றார். பஸ் நேரம் எழுதிய அட்டவணை எதுவும் இருவர் கண்ணிலும் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது. போர்டு முழுவதும் மலையாளம். "கேறு, கேறு" என்றார் கண்டக்டர். அரிசிப் பையைத் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான், அது நெடுங்கண்டம் போகிற பஸ் என்று தெரிந்தது. பையை மறுபடி இறக்கினார்கள். கண்டக்டர் ஏதோ சொன்னார். அது திட்டா, வழி சொன்னதா என்று இருவருக்கும் புரியவில்லை.

இதன் பிறகுதான் இருவருக்குள்ளும் சண்டை ஆரம்பித்தது.

"மாமா, ஜீப்பு நிக்கிது. கேட்டுப் பாப்போம்."

"பொறு மாப்ளே. அஞ்சு நிமிசத்துல பஸ்ஸு வந்துரும்."

"அரை மணி நேரமா இதைத்தான் சொல்றீங்க."

"தனி வண்டிக்குக் குடுக்குற காசு யாரு காசு? உங்க அக்கா கேட்டா நீ பதில் சொல்லுவியா?"

இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் பீடியைப் பற்ற வைத்தார். காலையில் ஒரே இலையில் சாப்பிட்ட அளவுக்கு நெருக்கமானவர்கள், மாலையில் பத்தடி தள்ளி நின்றார்கள். கடைசியில் இருட்டிவிட்டதால் ஜீப்புக்காரர் கேட்டதைக் கொடுத்துத்தான் போனார்கள். பஸ்ஸுக்கு என்று எடுத்து வைத்த பணத்தைப் போல் பல மடங்கு போயிற்று. மறுநாள் கூலி தப்பியது. ஆனால் அதில் பெரும்பகுதி முதல் நாள் இரவே செலவாகிவிட்டது.

கோளாறு எங்கே?

சில்லறைக் காசுக்காக ஒருவர் பிடிவாதம் பிடித்தார், மற்றவருக்குப் பொறுமை இல்லை என்று இதைத் தள்ளிவிடலாம். அது சரியல்ல. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பலகையில் எழுதியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. அரை மணியில் பஸ் உண்டு என்று தெரிந்தால் காத்திருப்பார்கள். இனிமேல் பஸ் இல்லை என்று தெரிந்தால், அங்கே நிற்கும் நான்கு பேரோடு சேர்ந்து ஜீப் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நேரம் தெரியாததுதான் ஏழையின் பணத்தையும் தின்கிறது, உறவையும் கெடுக்கிறது.

மாநிலம் மாறினால் கட்டணமும் மாறும். கேரளத்தில் சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 2022 மே 1 முதல் 10 ரூபாய் ஆக்கப்பட்டது. மெட்டில் பஸ் மாறுகிறவர் அங்கே புதிதாகக் கணக்கைத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை கூட வராது. தோட்ட வேலைக்குப் போகிற பெண் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இது யார் மீதும் குற்றமல்ல. அந்தந்த மாநிலத்தின் சட்டம் அந்தந்த எல்லை வரைதான். ஆனால் இரண்டு பக்கமும் செலவழிக்கிற பிரயாணிக்கு, குறைந்தபட்சம் நேரமாவது ஒழுங்காகத் தெரிய வேண்டாமா?

ரயிலும் உதவாத ஜில்லா

இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது. மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில், பாதையை அகலமாக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. தேனி வரை மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடி வரை வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஜனங்கள் காத்திருந்தார்கள். வந்த ரயிலால் நன்மை உண்டு. மதுரைக்கும் சென்னைக்கும் போக மலையில் இருப்பவர்களும் அதை நாடுகிறார்கள். ஆனால் ரயிலைப் பிடிக்கவும் முதலில் மெட்டைத் தாண்ட வேண்டும். பஸ் பத்து நிமிடம் தவறினால் ரயிலும் தவறும்.

ரயில்வேயில் எத்தனையோ குறைகள் உண்டு. என்றாலும் எந்தச் சிறிய ஸ்டேஷனிலும் ஊர்ப் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் எழுதி வைக்கிறார்கள். வண்டி வரும் நேரமும் எழுதியிருக்கும். எழுத்தறிந்தவர் படித்துப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வார். எல்லை ஊர் பஸ் நிறுத்தத்தில் இதைச் செய்வதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஒரு பலகையும் கொஞ்சம் பெயிண்டும் போதும்.

பஸ்ஸே இல்லாத நாட்கள்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இரு மாநிலங்களுக்கும் இடையே பஸ் நின்றது. தமிழ்நாட்டு அரசு மறுபடி அனுமதித்தது 2021 டிசம்பர் 1 முதல். இருபது மாதம் பஸ் இல்லாமல் போயிற்று. அதற்கு முன் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோதும் இந்த எல்லைகளில் போக்குவரத்து நின்று, தோட்டத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலை இறங்க நேர்ந்தது. சபரிமலை சீசனில் கூட்டம் கூடினால், போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீசார் திருப்பி விடுவது வழக்கம். அது நெரிசலைக் குறைக்க அவசியந்தான். ஆனால் அந்த நாட்களில் பஸ் நேரம் எப்படி மாறும் என்று உள்ளூர்க்காரருக்கு யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

பஸ் நம்பிக்கையாக இல்லாத இடத்தில் ஜீப் வளர்கிறது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறார்கள். விபத்து நடந்தால் ஒரு வாரம் சோதனை நடக்கும். பிறகு பழைய கதைதான். ஜீப் டிரைவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேலை நேரத்துக்குப் பஸ் இருந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் யார் ஏறுவார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

பஸ் நடத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மலை ரோட்டில் டீசல் அதிகம் பிடிக்கும். டயர் தேயும். கூட்டம் இல்லாத நேரத்தில் காலி வண்டியை ஓட்ட முடியாது. கேரளத்துப் பஸ்ஸை மெட்டில் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கக் கண்டக்டராலும் முடியாது. பின்னால் அடுத்த பஸ் வந்துவிடும். நேரத்தை நிர்ணயிப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். ஆகவே கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பது வீண். கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 72-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுக்கும்போது, அங்கீகரித்த கால அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையம் நிபந்தனை போடலாம். அதே சட்டத்தின் 88-ஆம் பிரிவு மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பஸ்களைப் பற்றியது. இரு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு முன் அந்த யோசனையை அரசிதழிலும் அந்த வட்டார மொழிப் பத்திரிகையிலும் வெளியிட்டு, ஜனங்கள் கருத்துச் சொல்ல 30 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். இந்த அவகாசத்தில் பஸ் முதலாளிகள் மனு கொடுப்பது உண்டு. பஸ்ஸில் போகிறவரும் கொடுக்கலாம்.

மலையாளத்தில் மனு எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வந்தது. அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும். இது சலுகையல்ல, சட்டம் தந்த உரிமை. மலை இறங்கிப் போகும்போது தேனி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் ஒரு மனு கொடுக்கலாம். ஒரு நாள் கூலி போகும் என்று நினைத்தால், பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஒருவரை அனுப்பலாம்.

கேட்பது நான்கே விஷயம்

கம்பம்மெட்டில் இரு மாநிலப் பஸ்களின் நேரத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பலகையில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். எல்லை வரை வரும் பஸ்களின் முகப்பில் இரண்டு மொழியிலும் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகும் நேரத்திலும் மாலையில் கடைசி பஸ் நேரத்திலும், கீழிருந்து வரும் வண்டிக்கும் மேலே போகும் வண்டிக்கும் பொருத்தம் பார்த்து நேரம் வைக்க வேண்டும். மழைக்கும் பனிக்கும் ஒதுங்க இடமும், பெண்களுக்குக் கழிப்பிடமும் வேண்டும். இவற்றுக்காக இடுக்கி கலெக்டரும் தேனி கலெக்டரும் தங்கள் அதிகாரிகளோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும். ஏலக்காய்க்கு எல்லை இல்லை. மலையில் விளைந்து போடியில் ஏலம் போகிறது. அதைப் பறித்த ஆள் ஊர் போய்ச் சேருவதற்கு மட்டும் ஏன் இத்தனை தடை?

நம்மவர்களிடமும் ஒரு குறை உண்டு. மெட்டில் நிற்கும்போது அரசாங்கத்தைத் திட்டுகிறோம். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழுகிற இடத்தில் அழ வேண்டும், மச்சானோடு சண்டை போட்டுப் பயனில்லை.

அந்த இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி கம்பம் போக வேண்டியிருக்கிறது. அன்றைக்காவது மெட்டில் ஒரு பலகை இருக்குமா?