உயர்குலத்து அழுகல்

பிரெஞ்சுக்காரர்கள் ஓர் அழுகலுக்கு 'உயர்குலத்து அழுகல்' என்று பட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். போர்டோ பக்கத்து ஸோத்தெர்ன் வட்டாரத்தின் இனிப்பு வெள்ளை ஒயின் அழுகிய திராட்சையில் பிறக்கிறதாம். அதனால் இந்தப் பெருமை. எனக்கு இது சம்மதமில்லை. மதுவைத் தொடாதவனுக்கு இதில் என்ன வழக்கு என்பீர்கள். வழக்கு பெயரைப் பற்றியது ஐயா, ருசியைப் பற்றியது அல்ல.

அந்தப் பூசணத்தின் பெயர் பொட்ரைடிஸ். ஸ்ட்ராபெரிப் பழத்தைச் சாம்பல் நிறத்தில் மூடிக் குப்பைக்கு அனுப்புவதும் இதேதான். ஸோத்தெர்னில் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் நதியில் கலக்கிறது. இலையுதிர்காலக் காலைகளில் அங்கே மூடுபனி எழும்பும். பிற்பகலில் வெயில் காயும். பனியில் பூசணம் பழத்தோலைத் துளைக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகிச் சர்க்கரை சுண்டி நிற்கிறது. வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டாலோ, அதே பூசணம் தோட்டத்தையே நாறடித்துவிடும். அப்போது குலம் எங்கே போயிற்று?

அறுவடைக்காரர்களைப் பாருங்கள். ஒரே கொத்தில் எல்லாப் பழமும் ஒன்றாகச் சுண்டுவதில்லை. பக்குவமானதை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்துக்காக அதே கொடிக்கு நாலு முறை, ஐந்து முறை, வாரக்கணக்கில் திரும்பி வருகிறார்கள். ஷாத்தோ தீக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்பது கணக்கு. 1855-ல் தரம் பிரித்தபோது ஸோத்தெர்ன் ஒயின்களில் இதற்கு மட்டும் தனி உச்ச ஸ்தானம் கொடுத்தார்கள். 2012-ல் பழம் தங்கள் தரத்துக்கு வரவில்லை என்று, தீக்கெம் பெயரில் ஒரு புட்டிகூட வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவை எடுத்தது பூசணமா?