ஆண்டறிக்கையில் ஏறாத கல்வி

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. மொழி, வரலாறு, மெய்யியல், சமூகவியல் முதலிய பாடங்களுக்கென அமைந்த கல்லூரியின் தலைவர், ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர்களையெல்லாம் மண்டபத்தில் கூட்டி, 'கல்லூரியின் நிலை' பற்றி உரை நிகழ்த்துவார். இவ்வாண்டு சேர்ந்த மாணவர் எத்தனை பேர், சென்ற ஆண்டினும் கூடுதலா குறைவா, வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சி நிதி எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, பட்டம் பெற்றவர் எத்தனை விழுக்காட்டினர் வேலைக்குச் சென்றனர் என்றெல்லாம் திரையில் கோடுகள் ஏறும், இறங்கும். இறுதியில் கைதட்டல், தேநீர், கலைவு.

கணக்குக் காட்டுவதை நாம் குறை சொல்லவில்லை. பொதுப் பணத்தைச் செலவிடுவோர் ஹிஸாபு கொடுத்தே ஆக வேண்டும். எதனைக் கணக்கு என்று எழுதுகிறார்கள், எதனை எழுதாமல் விடுகிறார்கள் என்பதே நம் வழக்கு. எழுதப்படாதது ஒருநாள் இல்லாததாகக் கருதப்படும். இல்லாததாகக் கருதப்பட்டது மறுநாள் மூடப்படும். இது வெறும் அச்சம் அன்று. நடந்து முடிந்த செய்தி.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்றொரு மாநிலம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் போனது. அந்நாட்டின் ஏழை மாநிலங்களுள் ஒன்று. அங்கே மார்கன்டவுன் நகரில் 1867-இல் நிறுவப்பெற்ற அரசுப் பல்கலைக்கழகம், உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்கல்வி பெறவேண்டும் என்ற நோக்கத்தோடு அரசு நிலக்கொடையால் எழுந்தது. 2023-இல் அப்பல்கலைக்கழகம் தனக்கு நாலரைக் கோடி டாலர் பற்றாக்குறை என்று அறிவித்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பட்டியல் வெளியாயிற்று. உலக மொழிகள் துறையை அடியோடு நீக்குவது என்பது அப்பட்டியலின் தலையாய பரிந்துரை. மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறி முழக்கமிட்டனர். செப்டம்பர் 6-ஆம் நாள் ஆசிரியப் பேரவை, பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் கீ மீது நம்பிக்கையில்லை என்று 797 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவை 100 வாக்குகளே. அதற்குப் பின் ஒன்பதே நாளில், செப்டம்பர் 15-இல், ஆட்சிக்குழு கூடி 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் நீக்கிற்று. பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யப் பட்டப்படிப்புகள் போயின. ஸ்பானியமும் சீனமும் மட்டும், விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆசிரியர்களைக் கொண்டு, பட்டமின்றிக் கற்பிக்கப்படும் பாடங்களாக ஒட்டிக்கொண்டன.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பட்டியலில் கணிதத்தின் முதுகலை, முனைவர் பட்டப்படிப்புகளும் இருந்தன! கணக்குப் பார்க்கப் புகுந்தவர்கள் கணிதத்தையே கழித்து எழுதினார்கள். இதைவிடக் கசப்பான நகைச்சுவையை எந்தக் கவிஞரும் புனைந்திருக்க மாட்டார்.

மொழி கற்க விரும்பும் மாணவர் என் செய்வது என்ற கேள்விக்கு நிர்வாகம் தந்த விடையும் குறித்து வைக்கத்தக்கது. கைப்பேசிச் செயலி ஒன்றோடு உடன்பாடு செய்துகொள்ளலாம், அல்லது வேறு பல்கலைக்கழகத்தின் இணையவழி வகுப்பைப் பயன்படுத்தலாம் என்று ஆராய்வதாகச் சொன்னார்கள். மொழியைக் கற்பித்து வயிறு வளர்க்கும் நமக்கு இதைப் படித்தபோது சினம் வரவில்லை, இரக்கமே வந்தது. செயலி சொற்களைத் தரும், மறுக்கவில்லை. 'ரொட்டி எங்கே கிடைக்கும்' என்று கேட்கவும் பழக்கும். ஒரு வினைமுற்றை எழுவாயாக மயங்கிய மாணவனின் முகத்தைப் பார்த்து, அவன் எந்தப் படியில் தடுக்கினான் என்று கண்டு, அந்தப் படிக்கு அவனைத் திரும்ப அழைத்துச் செல்வது உஸ்தாதின் வேலை. நஹ்வும் ஸர்பும் ஓதிய எவரும் இதை அறிவர். தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி விதியோடு மல்லுக்கு நின்றவர்களும் அறிவர்.

'பணம் இல்லையென்றால் என்ன செய்வார்கள்?' என்று நியாயமாகவே சிலர் கேட்பர். பற்றாக்குறை பொய்யன்று. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்கவேண்டும். 2020-க்குள் மாணவர் தொகையை 40 ஆயிரமாக உயர்த்துவோம் என்று அப்பல்கலைக்கழகத் தலைமை முன்னர் இலக்கு வகுத்திருந்தது. தொகை ஏறவில்லை, 2015-க்குப் பின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இறங்கியது. வராத விருந்தினருக்கு உலை வைத்துவிட்டு, கடன் தலைக்கு ஏறியதும் வீட்டிலுள்ள குழந்தையின் பாலை நிறுத்துவது என்ன குடும்ப நிர்வாகம்? இலக்கு வகுத்தவர் பிரெஞ்சு ஆசிரியர் அல்லர். கட்டடம் எழுப்பக் கையொப்பமிட்டவர் ருஷ்ய ஆசிரியரும் அல்லர். ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர்களே.

இங்கேதான் ஆண்டறிக்கையின் சூழ்ச்சி விளங்கும். ஒரு துறையின் வலிமையை, அதனையே தலைமைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெறுவோரின் தலையை எண்ணித் தீர்மானிக்கிறார்கள். பொறியியல் மாணவன் ஒருவன் நான்கு பருவம் ஜெர்மன் படிக்கிறான். மருத்துவம் பயில விழையும் பெண்ணொருத்தி ஸ்பானியம் படிக்கிறாள். நாளை அவளிடம் வரும் நோயாளிகளில் பலருக்கு அது தாய்மொழி. பட்டத் தொகையைச் சொல்லும் கட்டத்தில் இவர்கள் ஜெர்மானியக் கணக்கிலோ ஸ்பானியக் கணக்கிலோ வரமாட்டார்கள். பொறியியல், மருத்துவக் கணக்கில் ஏறிவிடுவார்கள். கிணற்றில் ஊரே தண்ணீர் மொள்ளும். கிணற்றுக்காரன் குடித்த குவளையை மட்டும் எண்ணிவிட்டுக் 'கிணறு பயனற்றது, தூர்த்துவிடுங்கள்' என்பதை ஒக்கும் இது.

செலவுக் கணக்கும் அப்படியே. வரலாற்று வகுப்புக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆசிரியர், நூலகம், நாற்காலிகள் போதும். மாணவன் கட்டும் கட்டணமோ பெரும்பாலும் ஒன்றே. மலிவான வகுப்பில் மிஞ்சியது விலையுயர்ந்த வகுப்பைத் தாங்குகிறது. இந்த வரவை எந்த ஆண்டுரையில் விரித்துரைத்தார்கள்? வெளிநிதி கொணர்ந்த துறை என்று ஆய்வுக்கூடத் துறைக்கு மாலை. வெளிநிதி இல்லாத துறை என்று மெய்யியலுக்கு வசை.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஜப்பானில் 2015 ஜூன் 8-ஆம் நாள் கல்வியமைச்சர் ஷிமோமுரா ஹகுபுன், 86 தேசியப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் விடுத்தார். கலை, சமூகவியல் துறைகளை நீக்குவது பற்றியோ, சமுதாயத் தேவை மிக்க துறைகளாக மாற்றுவது பற்றியோ நடவடிக்கை எடுக்குமாறு அது கேட்டது. அறிஞர் பேரவை எதிர்த்தது, அது வியப்பன்று. வியப்பு எதுவென்றால், அந்நாட்டுப் பெருந்தொழில் முதலாளிகளின் கூட்டமைப்பாகிய கெய்தான்ரென், அதே ஆண்டு செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டு, தொழிலுலகம் இப்படிப்பட்ட ஒன்றைக் கேட்கவில்லை என்று கைகழுவியது. வணிகனின் பெயரைச் சொல்லிக் கல்வியை அறுத்தார்கள். வணிகனோ 'அந்தக் கத்தி என்னுடையதன்று' என்றான். பிரிட்டனிலும் 2021-இல் ஷெபீல்டு பல்கலைக்கழகம் தன் தொல்லியல் துறையை மூடத் தீர்மானித்தது. மறு ஆண்டு அதே நகரின் ஷெபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பை நிறுத்தி வைத்தது. ஆங்கிலேயர் நாட்டில் ஆங்கில இலக்கியத்துக்கே இந்தக் கதி!

அரசுகளுக்கு மொழி நினைவுக்கு வருவது எப்போது? அச்சம் பிடிக்கும்போது. ருஷ்யா 1957-இல் ஸ்புட்னிக்கை ஏவிற்று. அமெரிக்கா 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, விஞ்ஞானத்தோடு பிறமொழிக் கல்விக்கும் பணத்தைக் கொட்டியது. 2001 செப்டம்பருக்குப் பின் அரபு அறிந்தவர் எங்கே என்று அலுவலகம் அலுவலகமாகத் தேடினார்கள். 2002-இல் அந்நாட்டுக் கல்லூரிகளில் அரபு பயின்றோர் சுமார் 10 ஆயிரம். 2009-இல் 35 ஆயிரம். அச்சம் தணிந்தது, 2021-இல் 23 ஆயிரத்துக்கும் கீழே போயிற்று. 2016-க்கும் 2021-க்கும் இடையில் பிறமொழி பயில்வோர் தொகையே ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நம் மார்க்கத்தின் மொழியைப் பகைவனின் மொழியாக நினைத்துக் கற்க வந்தவர்கள் சிலர். கற்ற பின் அதன் காதலராகி, நம் கிதாபுகளைப் பதிப்பித்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆசிரியர் இருந்ததால் அந்த மாற்றம் நிகழ்ந்தது. துறையே இல்லையென்றால் எஞ்சுவது அச்சம் மட்டுமே.

இப்னு கல்தூன் 1370-களில் அரசியலை வெறுத்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் ஏறத்தாழ நான்காண்டுகள் ஒதுங்கியிருந்தார். 1377-இல் அங்குதான் 'முகத்திமா' உருப்பெற்றது. சமூகவியலின் முன்னோடி என்று இன்று மேலை நாட்டாரே அவரைக் கொண்டாடுகின்றனர். அந்த நான்காண்டுக்கு ஓர் ஆண்டறிக்கை எழுதிப் பாருங்கள். சேர்ந்த மாணவர்: இல்லை. கொணர்ந்த நிதி: இல்லை. வேலைவாய்ப்பு: இல்லை. பரிந்துரை: பணியிடத்தை நீக்குக! அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, ஏறத்தாழ 1030-இல் இந்திய நாட்டு மக்களின் கணிதம், சமயம், வழக்காறு பற்றிப் பெருநூல் எழுதினார். கஜ்னியின் படை இந்நாட்டின் மேல் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் படையெடுப்பால் கிடைத்த பொன்னை எண்ணியவர்களின் ஏடுகளை இன்று தேடுவார் இல்லை. அல்பிரூனியின் ஏட்டை இரு நாட்டாரும் படிக்கின்றனர்.

கலைப் பாடங்களின் ஆசிரியர்கள் மீதும் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தாக்குதல் வந்ததும் அவர்கள் எடுத்த கேடயம் என்ன? 'எங்கள் மாணவருக்கும் நல்ல வேலை கிடைக்கிறது. எங்களிடம் கற்றால் பேச்சுத் திறன் வளரும். நிறுவனங்கள் அதை விரும்புகின்றன' என்பது. இது எதிரியின் தராசைக் கையில் வாங்கி அதிலேயே தம்மை நிறுத்துக் காட்டுவது. பேச்சுத் திறனை மூன்று வாரப் பயிற்சியில் தருவதாக ஒருவன் கடை விரித்தால் உங்கள் துறை எதற்கு என்று கேட்பானே! நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் மன்திக் கிதாபுக்கு மூன்று பேர்தான் உட்கார்ந்தோம். முப்பது பேர் உட்காரும் பாடத்துக்கு எவ்வளவு ஆயத்தத்தோடு வருவாரோ, அவ்வளவு ஆயத்தத்தோடு உஸ்தாத் அந்த மூவருக்கும் வந்தார். 'இதனால் என்ன பயன்' என்று நாங்கள் கேட்டதற்கு, 'உன்னைப் பிறர் ஏமாற்றாதிருக்க. நீ உன்னையே ஏமாற்றாதிருக்க' என்றார். வேலைவாய்ப்பு பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

நம் வீடுகளையும் விட்டுவைப்பதற்கில்லை. பிள்ளை வரலாறு படிக்கிறேன் என்றால் அத்தாவின் முகம் சுருங்குகிறது. உம்மா அழாத குறை. மூத்தவன் பொறியியல், அடுத்தவள் மருத்துவம். மதிப்பெண் இடறியவனுக்கே தமிழும் அரபும். வறுமையிலிருந்து வந்த குடும்பம் சம்பளத்தைப் பார்ப்பதில் இழுக்கில்லை. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளியும் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் அவர் மகன் ருஷ்யமோ ஜெர்மனோ படிக்க ஆசைப்பட்டால் இனி அவன் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டம் இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஹார்வர்டிலும் யேலிலும் இருக்கிறது. இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் செல்வருக்கு, ஏழைக்குத் தொழிற்பயிற்சி. இந்தப் பாகப்பிரிவினையை ஏழையின் நன்மைக்கென்றே செய்வதாகச் சொல்வதுதான் பொறுக்கவில்லை.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை மூடப்படும் நிலை வந்தபோது, உலகத் தமிழர் பதைத்தனர். 2021-இல் தமிழ்நாடு அரசு அதனைக் காக்க 1 கோடியே 25 இலட்சம் ரூபாய் அறிவித்தது. நாமும் மகிழ்ந்தோம். அங்கே மாணவர் எத்தனை பேர், அவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று அன்று நம்மில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'தமிழைத் தலை எண்ணியா அளப்பது?' என்று சீறியிருப்போம். தமிழுக்காகச் சீறிய நாக்கு, பிரெஞ்சுக்கும் ருஷ்யத்துக்கும், நம்மூர்க் கல்லூரியின் வரலாற்று வகுப்புக்கும் ஏன் எழக்கூடாது?

அறிக்கை எழுதட்டும், தடுக்கவில்லை. பிற துறை மாணவர் எத்தனை பேருக்கு இத்துறை கற்பித்தது என்று எழுதட்டும். ஓய்வு பெற்ற எந்த ஆசிரியரின் இடம் எத்தனை ஆண்டாக நிரப்பப்படவில்லை, அதனால் எந்தப் பாடம் நின்றது என்று எழுதட்டும். இம்மாநிலத்தில் இனி எந்த மொழியைக் கற்பிக்க ஆளில்லை, நூலகத்தில் எந்த அலமாரியைப் படித்துக் காட்ட ஒருவரும் எஞ்சவில்லை என்பதையும் எழுதட்டும். அடுத்த முறை நம் சமுதாயக் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் வரும்போது, முன்வரிசையில் அமரும் பெற்றோர், முதல்வர் அறிக்கை வாசித்து முடித்ததும் எழுந்து இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கட்டும்.